சிறிய அளவில் சிவப்பு ஒயின்: உரிமம் வாங்குவதிலிருந்து பாட்டிலில் அடைப்பது வரை

திராட்சையை நசுக்கி, எதையும் சேர்க்காமல், தன்போக்கில் விட்டால் நல்ல சிவப்பு ஒயின் கிடைக்கும் என்று நம்பித்தான் பலரும் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். தன்போக்கில் விட்ட சாறு கடைசியில் போய் நிற்கும் இடம் காடி. நடுவில் அது ஒயினாக இருக்கும் கட்டத்தில் பிடித்து நிறுத்துவதுதான் உங்கள் வேலை. கெடாமல் காக்கச் சேர்க்கும் மருந்தைக் குறைக்கக் குறைக்கக் கழுவுவதும் அளப்பதும் எழுதி வைப்பதும் கூடிக்கொண்டே போகும். இதற்குத் தயார் என்றால் மேலே படியுங்கள்.

கீழே உள்ள அளவுகளை ஒரு பருவத்துக்கு 3 டன் திராட்சை என்று வைத்துப் போட்டிருக்கிறோம். இருவர் முழுநேரமாக, அறுவடை வாரங்களில் மட்டும் கூடுதலாக நாலைந்து பேர் என்றால் சமாளிக்கக்கூடிய அளவு அது. முதல் ஆண்டிலேயே 10 டன்னுக்கு ஆசைப்பட வேண்டாம்.

1. முதலில் கணக்கு

ஒரு டன் திராட்சையில் பிழிந்தெடுத்ததும் ஏறக்குறைய 650 லிட்டர் வரும். அடியில் படியும் மண்டியில் போவது, பீப்பாயில் ஆவியாவது, ருசி பார்க்க எடுப்பது எல்லாம் கழித்தால் பாட்டிலுக்குள் போவது 600 லிட்டர்தான். 750 மி.லி. பாட்டில் என்றால் 800. ஆக, 3 டன்னுக்கு 2,400 பாட்டில். வழக்கமான பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். பிழிந்தவுடன் கையில் இருக்கும் 1,950 லிட்டருக்கு 8 பீப்பாய் நிறைந்து, 150 லிட்டர் மிஞ்சும். அந்த மிச்சத்தை விற்கவோ குடித்துத் தீர்க்கவோ நினைக்காதீர்கள். பீப்பாய்களை அவ்வப்போது நிரப்பி வைக்க அதுதான் கைகொடுக்கும்.

நொதிக்கும் தொட்டிக்குக் கணக்கு வேறு. காம்பு நீக்கி நசுக்கிய 3 டன் திராட்சை கிட்டத்தட்ட 2,650 லிட்டர் கூழ். நொதிக்கும்போது தோல் மேலே எழும்பும் என்பதால் எந்தத் தொட்டியையும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. 1,200 லிட்டர் தொட்டி மூன்று சரியாகப் போதும். நான்காக வாங்குங்கள். மூன்றே இருந்தால், விளைச்சல் சற்றுக் கூடினாலும், ஒரு தொட்டி கெட்டுத் தனியே பிரிக்க வேண்டி வந்தாலும் வேறு வழி இருக்காது.

பணம் எப்போது திரும்பும் என்பதையும் இப்போதே போட்டுப் பாருங்கள். அறுவடையிலிருந்து விற்பனைக்கு வரும் வரை 18 முதல் 24 மாதம். அதற்குள் இரண்டாவது அறுவடை வந்துவிடும்; அதற்கும் திராட்சை, தொட்டி, பீப்பாய் வேண்டும். முதல் பாட்டில் விற்கும் முன்பே இரண்டு பருவத்துச் செலவு கையை விட்டுப் போயிருக்கும். சிறிய ஒயினகங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ருசியில் அல்ல.

2. ஆவணங்கள்: அறுவடைக்கு ஓராண்டு முன்பே

மதுவுக்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் கேட்கப்படும் காகிதங்களின் வகை ஏறக்குறைய ஒன்றுதான்: உற்பத்தி உரிமம், இடத்தை இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கும் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவு, கழிவுநீர் அனுமதி, ஆயத்தீர்வைக் கணக்கு, லேபிள் ஒப்புதல், விற்பனை உரிமம். உற்பத்தி உரிமம் கிடைத்தால் விற்கவும் உரிமம் கிடைத்ததாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பல இடங்களில் இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு காலக்கெடு.

வரிசையும் முக்கியம். இடத்துக்கான அனுமதி கைக்கு வராமல் தொட்டிகளுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். தரை வரைபடத்தில் வடிகால் எங்கே, கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்று காட்டாத விண்ணப்பம் திரும்பி வரும். அங்கேயே இரண்டு மூன்று மாதம் போய்விடும். திராட்சை அதற்காகக் காத்திருக்காது.

வாங்கிய திராட்சையில் செய்வதானால் தோட்டக்காரரோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். எடையா பரப்பளவா எதற்கு விலை, அறுவடை நாளை யார் முடிவு செய்வது, கடைசியாக மருந்து தெளித்த தேதி எது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். டன் கணக்கில் விலை பேசினால் கொத்துகளைக் குறைத்துத் தரத்தைக் கூட்ட அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

இயற்கை வேளாண் முத்திரை வேண்டுமானால் அதன் விதிகளை இப்போதே படித்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இயற்கை முறைச் சிவப்பு ஒயினில், இனிப்பு மிஞ்சாத வகைக்கு, மொத்த சல்ஃபர் டைஆக்சைடு (ஒயின் கெடாமல் காக்கும் மருந்து; சல்ஃபைட் என்று சொல்வதும் இதைத்தான்) லிட்டருக்கு 100 மி.கி. வரை இருக்கலாம், சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு 150. அமெரிக்காவில் முழு இயற்கை ஒயின் என்று லேபிளில் போட வேண்டுமானால் சல்ஃபைட் சேர்க்கவே கூடாது. இயற்கை முறையில் விளைந்த திராட்சையில் செய்தது என்று போட்டுக்கொண்டால் 100 வரை அனுமதி. தோட்டம் இயற்கை முறைக்கு மாற இரு இடங்களிலும் மூன்று ஆண்டு ஆகும். லிட்டருக்கு 10 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் 'சல்ஃபைட் உள்ளது' என்று லேபிளில் சொல்லியாக வேண்டும். ஈஸ்ட் தானே கொஞ்சம் சல்ஃபைட் உண்டாக்கும் என்பதால், ஒன்றுமே போடாதவர்களும் பரிசோதனை அறிக்கை இல்லாமல் 'இல்லை' என்று எழுத முடியாது.

3. எதற்குச் செலவழிப்பது

பணத்தைப் போட வேண்டிய முதல் இடம் தரை. வடிகாலை நோக்கிச் சரிவாக, கழுவக்கூடியதாக, அமிலத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும். பிறகு குளிர்விக்கும் ஏற்பாடு. மூன்றாவது, துருப்பிடிக்காத எஃகில் செய்த நல்ல மூடிகளும் வால்வுகளும். கூடை வடிவப் பிழிபொறி, காம்பு நீக்கும் இயந்திரம், பம்ப் ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். பம்ப் வாங்கும்போது தோலும் விதையும் நசுங்காமல் போகிறதா என்று மட்டும் ஓட்டிப் பாருங்கள். விதை உடைந்தால் கசப்பு இறங்கும், அதைத் திரும்ப எடுக்க முடியாது.

பீப்பாயில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். புதிய ஓக் பீப்பாய் விலை கூடியது. நான்கைந்து முறை பயன்படுத்தியபின் மணம் எதுவும் தராது. பழைய பீப்பாய் மலிவு. ஆனால் அதோடு என்ன குடியேறியிருக்கிறது என்பது தெரியாது. அடைப்பைத் திறந்து மோந்து பாருங்கள். காடி வாடை, குதிரை லாய வாடை, ஈரத்துணி வாடை இதில் எது வந்தாலும், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மரத்தின் துளைகளுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் வரை ஒயின் ஊறியிருக்கும். அங்கே தங்கிய கிருமியை வெந்நீரோ வேறெதுவோ முழுதாக அழிக்காது. முதல் ஆண்டுக்கு 8 பீப்பாயில் 2 புதியது, மீதி நம்பகமான இடத்திலிருந்து வந்த பழையது என்றால் போதும். சிமெண்ட் தொட்டியும் சுட்ட களிமண் சாடியும் நல்ல மாற்று. மர மணம் இல்லாமல் மெல்லக் காற்று விடும், பல பத்தாண்டு உழைக்கும்.

அளவுக் கருவிகளில் கஞ்சத்தனம் வேண்டாம்: ரிஃப்ராக்டோமீட்டர் (சாற்றுத் துளியில் சர்க்கரையைக் காட்டுவது), அடர்த்திமானி, பிஎச் மீட்டர் (அமிலத்தன்மையை அளப்பது), 0.1 கிராம் துல்லியத் தராசு, நீளத் தண்டு வெப்பமானி, கரியமில வாயு எச்சரிக்கைக் கருவி. கடைசியில் உள்ளதை ஆடம்பரம் என்று எண்ணியவர்கள் 7-ஆம் பகுதியை இரண்டு முறை படிக்கவும்.

4. தோட்டத்திலேயே முடிந்துவிடும் விஷயங்கள்

கொடி நட்டு மூன்றாம் ஆண்டில் முதல் காய்ப்பு. ஐந்தாம் ஆண்டுக்கு மேல்தான் நம்பி ஒயின் செய்யலாம். சொந்தத் தோட்டம் இருந்தாலும் முதல் சில ஆண்டுகள் வாங்கிய திராட்சையில்தான் கை பழக வேண்டியிருக்கும்.

இயற்கை முறை என்றால் மருந்தே இல்லை என்று பொருளில்லை. சாம்பல் நோய்க்குக் கந்தகமும் அடிச்சாம்பல் நோய்க்குத் தாமிரமும் தெளிப்பார்கள். தாமிரம் மண்ணில் தங்கிக்கொண்டே போகும். ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளுக்கு எக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. புல்லைக் கட்டுப்படுத்த ஆடு விடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: செம்மறிக்குத் தாமிரம் நஞ்சு. தெளித்த பருவத்தில் வரிசைகளுக்குள் விடாதீர்கள். கந்தகத் தூளை அறுவடைக்குக் குறைந்தது ஐந்து வாரம் முன்பே நிறுத்துங்கள். தோலில் ஒட்டியிருக்கும் கந்தகத்தை ஈஸ்ட் அழுகிய முட்டை வாடையாக மாற்றித் தரும்.

பழுத்ததா என்று பார்க்க ஒரு கொத்தைக் கிள்ளி வாயில் போட்டால் போதாது. வரிசைகளின் இரு பக்கத்திலும், கொத்தின் மேல், நடு, நுனி என்று பரவலாக 200 மணிகள் பறித்து, நசுக்கி, அந்தச் சாற்றை அளந்து பாருங்கள். பிரிக்ஸ் (சாற்றில் சர்க்கரையின் சதவீதம்) 23 முதல் 25, பிஎச் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.4 முதல் 3.6 என்பது வசதியான இடம். பிரிக்ஸை 0.57-ஆல் பெருக்கினால் வரப்போகும் ஆல்கஹால் சதவீதம் தோராயமாகக் கிடைக்கும். 24 என்றால் 13.7. விதை பழுப்பாகி, கடித்தால் நொறுங்க வேண்டும். பச்சை விதை என்றால் சர்க்கரை ஏறியிருந்தாலும் துவர்ப்பு முரடாக இருக்கும்.

பிஎச் 3.7-க்கு மேல் போனால் மருந்தைக் குறைத்துச் செய்யும் 'பழைய முறை' மிகக் கடினமாகிவிடும். காரணம் எளிது. சல்ஃபைட்டின் காக்கும் திறன் பிஎச்-ஐப் பொறுத்தது. 3.4-இல் 20 மி.கி. செய்யும் காவலுக்கு 3.8-இல் 50 மி.கி. வேண்டும். ஆகவே மருந்து குறைவாக வேண்டும் என்பவர்கள் சற்று முன்னதாகவே அறுக்க வேண்டும். தாமதித்துவிட்டால் நொதிக்கும் முன்பே டார்டாரிக் அமிலம் சேர்க்கலாம். லிட்டருக்கு 1 கிராம் சேர்த்தால் பிஎச் ஏறக்குறைய 0.1 இறங்கும்.

5. அறுவடை நாள்

விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும் முன் முடியுங்கள். 25 டிகிரியில் உள்ளே வந்த திராட்சையைக் குளிர்விக்கும் செலவை, 14 டிகிரியில் பறித்தால் முழுதாக மிச்சம் பிடிக்கலாம். 10 முதல் 15 கிலோ பிடிக்கும் ஆழமில்லாத கூடைகளில் பறிக்க வேண்டும். ஆழமான தொட்டியில் கொட்டினால் அடியில் உள்ளவை வழியிலேயே நசுங்கி, காற்றுப்பட்டு, ஈக்களை வரவழைக்கும். ஒவ்வொரு வண்டியையும் எடை போட்டு, தேதி, தோட்டப் பகுதி, எடை மூன்றையும் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தீர்வைக் கணக்கும் முத்திரைச் சான்றும் இந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்கும்.

பொறுக்குவதற்கு மேசை போடுங்கள். இலை, வற்றிய மணி, சாம்பல் பூசணம் பிடித்தது, காடி வாடை அடிப்பது எல்லாம் வெளியே. அழுகல் கொஞ்சம் இருந்தால் கலந்துவிடும் என்று விடாதீர்கள். பூசணத்தில் உள்ள நொதி சிவப்பு நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். சல்ஃபைட்டுக்கும் அது அவ்வளவாக அடங்காது.

காம்பை முழுதும் நீக்குவதா, கொஞ்சம் கொத்தோடு போடுவதா என்பது உங்கள் விருப்பம். காம்பு மரம்போலப் பழுப்பாகியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கு கொத்தோடு போட்டுப் பார்க்கலாம். பச்சைக் காம்பு புல் வாடையைத் தரும். அதிலுள்ள பொட்டாசியம் பிஎச்-ஐயும் ஏற்றும். மிதித்து நசுக்கும் பழைய வழக்கத்தில் ஒரு நன்மை உண்டு: கால் பட்டுத் தோல் கிழியும், விதை உடையாது.

நசுக்கும்போது லிட்டருக்கு 40 மி.கி. அளவில் சல்ஃபர் டைஆக்சைடு சேர்ப்பது பெரும்பாலோர் வழக்கம். பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் தூளில் பாதிக்குச் சற்று மேல், 57 சதவீதம்தான் அது. ஆக 2,650 லிட்டர் கூழுக்கு ஏறக்குறைய 185 கிராம் தூள். தண்ணீரில் கரைத்து, கூழ் விழ விழப் பிரித்துச் சேருங்கள். சென்ற ஆண்டு திறந்த பொட்டலம் வீரியம் இழந்திருக்கும், புதியது வாங்குங்கள். அழுகலே இல்லாத குளிர்ந்த திராட்சை என்றால் இந்த இடத்தில் போடாமலும் தப்பிக்கலாம். எல்லா ஆண்டும் அப்படித் தப்பிக்க முடியாது.

6. ஈஸ்ட்: காட்டு ஈஸ்ட்டை நம்புவதற்கு முன்

தோட்டத்து ஈஸ்ட்டில் நொதிக்க வைப்பது என்றால் தொட்டியை மூடிவிட்டுக் கும்பிடுவது என்று அர்த்தமில்லை. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, நல்ல கொத்துகளாக 100 கிலோ பறித்து, நசுக்கி, சுத்தமான இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து, 22 முதல் 25 டிகிரியில் வையுங்கள். தினமும் இருமுறை கலக்கி, மோந்து பாருங்கள். ரொட்டி மாவு, பழ மணம் என்றால் நல்லது. நகப்பூச்சு கழுவும் திரவத்தின் வாடை வந்தால் அந்தப் பாத்திரத்தைக் கொட்டிவிடுங்கள். பிரித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அடர்த்தி (தண்ணீரை 1.000 என்று வைத்து) 1.035 அருகே வந்து, கொதிப்பு உச்சத்தில் இருக்கும்போது பெரிய தொட்டிகளில் 3 முதல் 5 சதவீதம் கலக்க வேண்டும். சர்க்கரை தீரும் வரை காத்திருந்தால் ஈஸ்ட் சோர்ந்துவிடும்.

எதற்கும் ஒரு பொட்டலம் உலர் ஈஸ்ட் குளிர்பெட்டியில் இருக்கட்டும். மூன்று நாளாகியும் தொட்டி அசையவில்லை என்றால் கொள்கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

7. நொதிக்கும் பத்து நாட்கள்

முதலில் உயிர். ஒரு லிட்டர் கூழ் நொதித்து முடிவதற்குள் 50 லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வரும். 2,650 லிட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்! காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், பள்ளத்தில் நிறையும், வாடை கிடையாது. மெழுகுவர்த்தி அணைகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை நம்பாதீர்கள். சுடர் அணையும் நேரத்தில் வாயுவின் அளவு ஆளைச் சாய்க்கும் எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். எச்சரிக்கைக் கருவி இடுப்புயரத்துக்குக் கீழே மாட்டப்பட வேண்டும். தரைமட்டத்தில் காற்று வெளியேறும் வழி வேண்டும். தொட்டிக்குள் தனியாக யாரும் இறங்கக் கூடாது; ஒருவர் விழுந்துவிட்டால் காப்பாற்ற உடனே அடுத்தவர் குதிக்கவும் கூடாது. இரண்டு மூன்று பேர் ஒன்றாக இறப்பது அப்படித்தான்.

இனி ஒயின். இரண்டாம் மூன்றாம் நாளில் தோல் மேலே எழும்பிக் கெட்டியான அடுக்காக மிதக்கும். நிறமும் துவர்ப்பும் அதில்தான் இருக்கின்றன; காய்ந்தால் காடிக் கிருமி குடியேறுவதும் அங்கேதான். ஆகவே நாளுக்கு மூன்று முறை, உச்சத்தில் நான்கு முறை, தோலை அமுக்கிச் சாற்றுக்குள் முக்க வேண்டும். தொடக்கத்தில் அடிச்சாற்றை இறக்கி மேலே ஊற்றுவதும் நல்லது, ஈஸ்ட் பெருகக் காற்று வேண்டும். ஆல்கஹால் ஏறிய பின், கடைசி மூன்றில் ஒரு பங்கில், கை மெதுவாக இருக்கட்டும். நாளுக்கு ஒரு முறை போதும். அப்போது அழுத்திக் குத்தினால் விதையின் கசப்புத்தான் வரும்.

வெப்பம்: 26 முதல் 30 டிகிரி. ஒரு பிரிக்ஸ் சர்க்கரை நொதித்தால் கூழ் ஏறக்குறைய 1.3 டிகிரி சூடாகும். 24 பிரிக்ஸ் முழுதும் வெப்பம் வெளியேறாமல் நொதித்தால் 31 டிகிரி கூடும். சிறிய தொட்டிகளின் சுவர் வழியே பெரும்பகுதி வெளியேறிவிடுவதால்தான் நம் பிழைப்பு ஓடுகிறது. வெப்பமானியைத் தோல் அடுக்குக்குச் சற்றுக் கீழே வைத்துப் பாருங்கள். அடுக்கு, சாற்றைவிட 5 டிகிரியோ அதற்கு மேலோ கூடுதலாக இருக்கும். அடியிலிருந்து குழாயில் பிடித்து அளந்து நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் காலையில் 36 டிகிரியில் செத்த ஈஸ்ட்டைப் பார்ப்பார்கள். அவசரத்துக்கு, தண்ணீர் நிரப்பி உறைய வைத்த, வெளிப்புறம் நன்றாகக் கழுவிய பாட்டில்களை உள்ளே முக்கலாம். 1,200 லிட்டர் தொட்டிக்கு 2 லிட்டர் பாட்டில் பத்தாவது வேண்டும்.

அடர்த்தியையும் வெப்பத்தையும் காலை மாலை இருவேளையும் தாளில் எழுதித் தொட்டியிலேயே ஒட்டுங்கள். கோடு போட்டுப் பார்த்தால், 1.095-இல் தொடங்கியது நாளுக்கு 0.010 முதல் 0.020 வரை இறங்குவது தெரியும். கோடு படுக்கத் தொடங்கினால் ஏதோ கோளாறு. நொதித்தல் தொடங்கியபின் ரிஃப்ராக்டோமீட்டரைத் தொடாதீர்கள். ஆல்கஹால் கலந்தால் அது சர்க்கரையைக் கூட்டிக் காட்டும், அடர்த்திமானிதான் சரி.

அழுகிய முட்டை வாடை வந்தால் ஈஸ்ட்டுக்குத் தழைச்சத்துப் போதவில்லை என்று பொருள். தழைச்சத்து லிட்டருக்கு 150 மி.கி.-க்குக் கீழே இருந்தால் இது வரும் என்று எதிர்பார்க்கலாம். முன்பே சாற்றைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் எண் கையில் இருக்கும். முதலில் காற்றுப்பட ஊற்றிப் பாருங்கள். போகாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை தீரும் முன் ஈஸ்ட் உணவு சேருங்கள். அதைத் தாண்டிப் போனால் ஈஸ்ட் அதை எடுத்துக்கொள்ளாது. மிஞ்சுவதைக் கெட்ட கிருமிகள் தின்னும்.

8. பிழிதல்

அடர்த்தி 0.995 அருகே வந்ததும், வழக்கமாக எட்டாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள், பிழியலாம். எண்ணைவிட நாக்கை நம்ப வேண்டிய ஒரே இடம் இது. துவர்ப்பு ஈறில் ஒட்டத் தொடங்கினால் அன்றே பிழியுங்கள்.

தொட்டியைத் திறந்ததும் தானே வடிவது எண்பது சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதைத் தனியே பிடியுங்கள். சக்கையைப் பிழிந்து வருவதைத் தனியே வையுங்கள். கூடைப் பிழிபொறியில் அழுத்தம் மெல்ல ஏற வேண்டும். கொஞ்சம் திருகி, வடிய விட்டு, மறுபடி திருகி என்று ஒரு கூடைக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். கடைசியில் வரும் கசப்புச் சாற்றுக்கு ஆசைப்படாதீர்கள். இரண்டும் கலப்பதா என்பதைக் குளிர்காலத்துக்குப் பின் ருசித்து முடிவு செய்யலாம். ஓரிரு நாள் தெளிய விட்டு, கனத்த மண்டியை அடியிலேயே விட்டு மேல்தெளிவை இறுத்துப் பீப்பாய்க்கு மாற்றுங்கள்.

9. இரண்டாம் நொதித்தல்

மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாவின் வேலை இது. சிவப்பு ஒயினுக்கு இது முடிந்தே தீர வேண்டும். பாதியில் பாட்டிலில் அடைத்தால் அங்கே தொடரும். வாயு சேர்ந்து கார்க் வெளியே வரும்.

18 முதல் 22 டிகிரியில் வையுங்கள். முடியும் வரை சல்ஃபைட் கூடாது. இதுதான் ஒயினுக்குப் பாதுகாப்பே இல்லாத காலம், எனவே பீப்பாய் விளிம்புவரை நிரம்பியிருக்க வேண்டும். மூன்று வாரத்திலும் முடியலாம், அறை குளிர்ந்துவிட்டால் அடுத்த வசந்தம் வரையும் இழுக்கும். காதை வைத்துக் குமிழிச் சத்தம் கேட்பது சோதனையாகாது. வடிதாளில் ஒரு துளி வைத்துப் பிரிக்கும் நிறப்பிரிகைச் சோதனையை நீங்களே செய்யலாம். மாலிக் புள்ளி மறைந்ததும் உறுதிக்கு ஆய்வகத்துக்கு ஒரு மாதிரி அனுப்புங்கள். முடிந்தது என்று தெரிந்த அன்றே லிட்டருக்கு 50 மி.கி. அளவில் சல்ஃபைட், 225 லிட்டர் பீப்பாய்க்கு 20 கிராம் தூள்.

10. பீப்பாய் மாதங்கள்

வேலை குறைவு, ஆனால் தவறவிடக் கூடாத வேலை. அறை 12 முதல் 16 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் அருகே. ஆண்டுக்கு 2 முதல் 5 சதவீதம் ஆவியாகும். உலர்ந்த அறையில் இன்னும் கூடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திறந்து நிரப்புங்கள். மாதம் ஒரு முறை ருசியும் வாடையும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தனிநிலைச் சல்ஃபைட் (எதோடும் சேராமல் காவலுக்கு மிஞ்சியிருப்பது), மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆவியாகும் அமிலம் (பெரும்பாலும் காடியின் அமிலம்). இந்தக் கடைசி எண் லிட்டருக்கு 0.7 கிராமைத் தாண்டினால் அந்தப் பீப்பாயைத் தனியே பிரியுங்கள். சிவப்பு ஒயினுக்குச் சட்ட எல்லை ஐரோப்பாவில் 1.2 கிராம், அமெரிக்காவில் 1.4. அதற்கு வெகுமுன்பே நாக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

பீப்பாய்க்கு எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஊற்றிய அளவு, எடுத்த அளவு, சேர்த்தது, தேதி, கையெழுத்து. 30 லிட்டர் எங்கே போயிற்று என்று தீர்வை அலுவலர் கேட்கும்போது 'ஆவியாகிவிட்டது' என்பது பதிலாக நிற்க வேண்டுமானால் நிரப்பிய ஏடு இருக்க வேண்டும்.

காலியான பீப்பாயைக் கழுவி, முழுதும் வடியவிட்டு, உள்ளே கந்தகத் திரி எரித்து அடையுங்கள். மாதாமாதம் மறுபடி எரிக்க வேண்டும். அதைவிட நல்லது, காலியாக விடாமலே இருப்பது. பாட்டிலில் அடைக்கும் வாரத்தை அடுத்த ஒயின் பீப்பாய்க்கு வரும் நேரத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் பீப்பாய் சும்மா கிடக்கும் காலம் குறையும்.

11. தண்ணீர், கழுவல், சக்கை

குளோரின் கலந்த எதுவும் வளாகத்துக்குள் வரக் கூடாது, கழிப்பறைக்குக்கூட. குளோரின், மரம், பூசணம் மூன்றும் சேர்ந்தால் உண்டாகும் டிரைகுளோரோஅனிசால் லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருந்தாலே ஒயின் நனைந்த அட்டைபோல மணக்கும். கட்டடத்தில் ஏறிவிட்டால் கூரை மரத்தை மாற்றியவர்களும் உண்டு. சோடியம் அல்லது பொட்டாசியம் பெர்கார்பனேட்டில் கழுவி, 1 சதவீத சிட்ரிக் அமிலத்தில் அலசி, பிறகு நல்ல தண்ணீர். கழிவுநீர் தோட்டத்துக்குப் போவதானால் பொட்டாசியம் வகையையே வாங்குங்கள். சோடியம் மண்ணை இறுக்கிவிடும்.

ஒரு லிட்டர் ஒயினுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள், குழாயைத் திறந்துவிட்டுப் பத்து லிட்டரைத் தாண்டுபவர்களும் இருக்கிறார்கள். வித்தியாசம் துடைப்பத்தில் இருக்கிறது: தோலையும் விதையையும் முதலில் கூட்டி அள்ளுங்கள், பிறகு கழுவுங்கள். சர்க்கரையும் மண்டியும் கலந்த இந்த நீர் ஓடையில் விழுந்தால் தண்ணீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும், மீன்கள் சாகும். சல்லடை, படிவுத் தொட்டி, அமிலத்தைச் சமன்செய்யும் ஏற்பாடு மூன்றும் இல்லாமல் கழிவுநீர் அனுமதி கிடைப்பது கடினம்.

3 டன்னுக்குச் சக்கை 400 முதல் 600 கிலோ வரும். அப்படியே கொடியடியில் கொட்டாதீர்கள். அமிலம் அதிகம், ஈக்கள் மொய்க்கும். வைக்கோல், காம்பு, சாணம் கலந்து குவித்து, வாரம் ஒரு முறை புரட்டி, ஆறு மாதமாவது மக்கவிட்டால் அடுத்த பருவத்துக்கு உரம்.

12. பாட்டிலில் அடைத்தல்

அறுவடைக்குப் பின் 12 முதல் 14 மாதத்தில். பாட்டில், கார்க், லேபிள் மூன்றையும் நான்கு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். லேபிள் ஒப்புதலில் ஆல்கஹால் அளவு ஆய்வக அறிக்கையோடு பொருந்த வேண்டும் என்பதால், ஒயினைக் கலந்து முடித்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். அச்சடித்து வைத்துவிட்டுப் பிறகு கலவையை மாற்றியவர்கள் மொத்த லேபிளையும் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

கனமான பாட்டில் உயர்தரம் என்ற எண்ணத்தை விடுங்கள். ஓர் ஒயினின் கரியமிலத் தடத்தில் பெரும் பங்கு கண்ணாடியினுடையது. 900 கிராம் பாட்டிலுக்குப் பதில் 420 கிராம் எடுத்தால் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து குறையும், 2,400 பாட்டிலுக்கு ஒரு டன்னுக்கு மேல் எடை மிச்சம்.

வடிகட்டாமல் அடைக்க ஆசை என்றால் மூன்று எண்கள் கையில் இருக்க வேண்டும்: மீதிச் சர்க்கரை லிட்டருக்கு 1 கிராமுக்குக் கீழே, மாலிக் 0.2-க்குக் கீழே, குதிரை லாய வாடை தரும் பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட் இல்லை என்ற அறிக்கை. ஒன்று தவறினாலும் வடிகட்டுங்கள். துவர்ப்பு முரடாக இருந்தால் முட்டை வெள்ளைக்கரு பழைய வைத்தியம். ஒரு பீப்பாய்க்கு 3 முதல் 6 முட்டை, சிட்டிகை உப்போடு மெல்லக் கலக்கி ஊற்றி, இரண்டு மூன்று வாரம் கழித்து மேல்தெளிவை இறுத்து எடுக்க வேண்டும். ஒவ்வாமைப் பொருள் என்பதால் லேபிள் விதியையும் பாருங்கள்.

அடைக்கும் நாளில் தனிநிலைச் சல்ஃபைட் 25 முதல் 35 மி.கி. இருக்கட்டும். கார்க் போட்டபின் ஒரு நாளாவது நிமிர்த்தி வைத்து, பிறகு படுக்க வையுங்கள். உடனே படுத்தால் கார்க் விரிந்து இறுகும் முன் கசியும். அடைத்த ஒயின் சில வாரம் மணமிழந்து வாடிப் போனதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். மூன்று மாதத்துக்கு யாருக்கும் ருசிக்கக் கொடுக்காதீர்கள், குறிப்பாக வாங்க வரும் வியாபாரிக்கு.

ஒவ்வொரு தொகுதியிலும் 24 பாட்டிலை விற்காமல் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒன்றைத் திறந்து, பீப்பாய் ஏட்டின் அதே பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் கெட்ட பாட்டிலோடு வந்தால், கோளாறு அந்த ஒரு கார்க்கிலா, தொகுதி முழுவதிலுமா என்று அப்போது திறந்து பார்க்க வேறு வழி கிடையாது.